மர்ஹூம் காக்கா

திருவாடானையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலையில் கீழத்துறைக்குத் திரும்புவதற்காக பஸ்ஸுக்கு நின்றேன். எங்கள் தடத்தில் ஓடும் பஸ்தான் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், விசயம் தெரியாதா? ஒங்க மர்ஹூம் காக்கா நேத்து ராத்திரி மௌத்தாயிட்டாருல்ல.”

மௌத்து என்றால் மரணம். மர்ஹூம் என்றால் காலமானவர். காலமானவர் காலமாகிவிட்டார் என்றுதான் அந்தக் கண்டக்டர் சொன்னார். பஸ்ஸில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் கடற்கரையில் பதினைந்து வருஷமாக அவருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரை உயிரோடிருந்த மனிதருக்கு வைத்த பாவி நான்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. தையல்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன சார் செய்யிறது, இப்பத்தான் நம்ம பள்ளிக்கூடத்துப் போர்டு சரியாச்சு” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. அந்தப் போர்டு சரியாகவில்லை என்பது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊர் வாலிபர் சங்கத்தார் அவர் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். “நாலு நல்ல விசயமா எழுதித் தாங்க சார்” என்று கேட்டார்கள். நல்லதும் எழுதியிருக்கிறேன். மற்றதை எழுதச் சொன்னவர் அவரே. அவரை அறிந்தவர்கள் பாதியில் கீழே வைத்துவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

நான் இந்த ஊருக்கு உதவி ஆசிரியனாக வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். தகரப் பெட்டியும் நியமன உத்தரவுமாக வந்து நின்றேன். சரக்கு அடைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றைப் பள்ளிக்கூடமாக்கியிருந்தார்கள். சுவரில் இன்னும் கருப்பட்டி வாசனை போகவில்லை. வாசலுக்கு மேலே நீலப் போர்டில் வெள்ளை எழுத்தில், “மர்ஹூம் சீ. நூருத்தீன் ஆரம்பப் பாடசாலை” என்று இருந்தது. எழுத்துப்பிழை இல்லை. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது என் குணம். உள்ளே ஒருவர், முப்பது வயதிருக்கும், தோளிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கிப் பிள்ளைகள் குடிக்கிற பானையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இந்த நூருத்தீன்ங்கிறது யாருங்க?” என்று கேட்டேன்.

“நாந்தான். வாங்க வாத்தியாரே, இங்கன உக்காருங்க” என்றார்.

நான் உள்நாட்டுக்காரன். எங்கள் பக்கத்தில் அம்பலம், சேர்வை என்று பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். கடற்கரையில் மரைக்காயர், லெப்பை என்று வரும். அதுபோல மர்ஹூம் என்பதும் ஒரு பட்டம், வெள்ளைக்காரன் கொடுத்த ராவ் பகதூர் மாதிரி ஏதோ ஒன்று என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டு, அதில் பட்டத்தையும் மறக்காமல் எழுதிவைத்த ஆள் தானே தண்ணீரும் சுமக்கிறாரே என்று அதிசயமாக இருந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாத்தியாருக்குக் கேட்கிற பழக்கம் ஏது?

மூன்று மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். வரவேற்புப் பத்திரம் படிக்கும் வேலை எனக்கு. பள்ளியைக் கட்டிய பெரியவர் சீனி மரைக்காயர், நூருத்தீனின் தகப்பனார், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊரே கூடியிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இப்பாடசாலையின் தூணாக விளங்கும் மர்ஹூம் நூருத்தீன் அவர்களே” என்று முழங்கினேன். கை தட்டுவார்கள் என்று நிறுத்தினேன். ஒரு சத்தம் இல்லை. பெரியவர் தலை கவிழ்ந்துவிட்டது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

கூட்டத்திலிருந்து நூருத்தீன் எழுந்து வந்தார். “வாத்தியார் தப்பா ஒண்ணும் சொல்லலே. போர்டுல உள்ளதத்தானே படிச்சாரு” என்றார். அப்போதுதான் கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து ஊர் அவரை மர்ஹூம் காக்கா என்றே கூப்பிடத் தொடங்கியது. காக்கா என்றால் இங்கே அண்ணன். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் அவரே உட்கார வைத்து அர்த்தம் சொன்னார். ஊருக்கெல்லாம் தெரிந்த கதையையும் சொன்னார். சுதந்திரம் வருவதற்கு முந்திய ஐப்பசியில் அவர்கள் வீட்டுத் தோணி கருப்பட்டி ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டது. அதில் மூன்று பேர். தோணியை நடத்தும் தண்டல் ஒருவர். தங்கச்சிமடத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த சூசை என்பவன். மூன்றாவதாக, சரக்கோடு போன முதலாளி மகன் நூருத்தீன். பாதி வழியில் புயல். தோணி கவிழ்ந்ததுமே தண்டல் போய்விட்டார். மற்ற இருவருக்கும் உடைந்த பாய்மரத் துண்டு ஒன்று கிடைத்தது. அது ஒருவரைத்தான் தாங்கியது.

“சூசை அத எனக்கு விட்டுக் கொடுத்துட்டான் வாத்தியாரே” என்றார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை வேறொரு கப்பல் தூக்கி இலங்கையில் கொண்டுபோய் விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்த பிறகும் ஊருக்கு ஒரு கடிதம் போடவில்லை. இங்கே உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்தார்கள். அவருடைய உம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். சுதந்திரம் வந்த மறுவருஷம் வாப்பா கிட்டங்கியைப் பள்ளிக்கூடமாக்கி, செத்த மகன் பெயரை வைத்தார். அதற்கும் அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் மகன் நடந்து வந்தார். ஊருக்குள் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்ட முதல் எழுத்து அந்தப் போர்டு.

பெரியவர் ஏணி வைத்து ஏறி மர்ஹூமைச் சுரண்டப் போனாராம். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அழிக்கிறதா இருந்தா முழுசா அழிங்க வாப்பா. என் பேர எடுத்துட்டு சூசை பேர எழுதுங்க. செத்தவன் அவன்தானே?” என்று சொன்னாராம். பெரியவர் சம்மதிக்கவில்லை. செத்துப் பிழைத்த ஒரே பிள்ளையின் பெயரை எந்தத் தகப்பன் தன் கையால் அழிப்பான்? அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. போர்டும் அப்படியே நின்றது.

பள்ளிக்கூடங்களுக்குப் பெயரான மனிதர்களை நாம் பார்ப்பதில்லை. மாலை போட்ட படமாக இருப்பார்கள். இல்லையென்றால் போர்டில் இரண்டு எழுத்தாக இருப்பார்கள். நான் ஒருவரைத் தினமும் பார்த்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கே மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கிற நல்ல தண்ணி ஊற்றிலிருந்து அவரே பள்ளிக்கூடத்துக்குக் குடம் குடமாகச் சுமந்தார். ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர் அல்ல. கேட்டால், “பேரு வைக்கிறது லேசு வாத்தியாரே. வச்ச பேருக்கு ஆளா இருக்கிறதுதான் பாடு” என்பார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் மீன் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் மீன் ஆணம் பரிமாறினால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

பெஞ்சு விவகாரத்தில் அவரோடு எனக்குப் பெரிய சண்டை. பாதிப் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்களே என்று நான் அலையாய் அலைந்து ராமநாதபுரத்திலிருந்து பழைய பெஞ்சுகள் வாங்கிவந்து போட்டிருந்தேன். நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒருநாள் நாலாம் வகுப்பில் ஓரத்தில் இருந்த பிள்ளையை மற்றதுகள், “எடமில்ல, போ” என்று இடுப்பால் இடித்துக் கீழே தள்ளிவிட்டன. பிள்ளை பிடிமானம் தேடிப் பெஞ்சின் விளிம்பைப் பற்றியது. பக்கத்தில் இருந்தது அதன் விரல்களை எடுத்துவிட்டது. எல்லாம் விளையாட்டுத்தான், விழுந்த பிள்ளையும் சிரித்தது. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்ற காக்கா அதைப் பார்த்தார். குடம் கை நழுவி விழுந்து உடைந்தது. மறுநாள் நான் வந்து பார்த்தபோது ஒரு பெஞ்சுகூட இல்லை. அத்தனையையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப் பாய் விரித்திருந்தார்.

“பைத்தியமா காக்கா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“தரையில எல்லாருக்கும் எடம் இருக்கு வாத்தியாரே” என்றார். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. கையில் கிடைத்த உத்தமமான மனிதருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

நான் சேர்ந்த மறுவருஷமே பெரியவர் காலமாகியிருந்தார். பள்ளிக்கு மானேஜர் வேண்டும். ஒரே வாரிசு நூருத்தீன். ஆனால் அங்கீகாரக் காகிதத்தில் “இறந்துபோன என் ஏக புத்திரன் நினைவாக” என்று தகப்பனார் கையெழுத்துப் போட்டிருந்தார். இறந்துபோனவர் எப்படி மானேஜராக முடியும் என்று கேட்டுக் கடிதம் வந்தது. கிராம முன்சீப்பிடம் போய்ச் சான்று வாங்கினோம். அவர் போர்டைப் பார்த்துப் பெயரை அப்படியே எழுதிவிட்டார்: “மேற்படி மர்ஹூம் நூருத்தீன் என்பவர் உயிருடன் இருக்கிறார்.” நானும் காக்காவும் வீடு வரும்வரை சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மானேஜரான அன்றே அவர் என்னிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். அதற்குள் நான் தலைமையாசிரியனாகியிருந்தேன். மனு அவர் கைப்பட எழுதியது. பாடசாலைக்கு இருக்கும் தம் பெயரை நீக்கிவிட்டு, கடலில் தம் உயிரைக் காத்து மாண்ட தங்கச்சிமடம் சூசையின் பெயரை வைக்க உத்தரவாக வேண்டும் என்று இருந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசினார். “அது ஒங்க வாப்பா ஒங்கமேல வச்ச ஆசை, அத அழிச்சுப்புடாதிய” என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். மற்றபடி தடுக்க யாரும் இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு நான் ராமநாதபுரம் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார். “மானேஜர் விசயம் இங்கனேயே முடிஞ்சு போச்சு. பேரு மாத்தணும்னா பழைய ஃபைலு மேல போகணும். அதுல மகன் செத்துட்டாருன்னு இருக்கு. இதுல அந்த மகனே கையெழுத்துப் போட்டிருக்காரு. மேல உள்ளவன் அங்கீகாரத்த ரத்துப் பண்ணிட்டுப் புதுசா வாங்குங்கம்பான். வரும், வராமப் போகும். ஒங்க சௌகரியம் சார்” என்றார்.

பள்ளிக்கூடம் போய்விடும், பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் வேலை போய்விடும் என்பது மீதி. அப்போதுதான் குடும்பத்தை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தேன். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பள்ளிக்கூட அலமாரியில் பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

“குடுத்தாச்சா?” என்று கேட்டார்.

“குடுத்தாச்சு” என்றேன்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வருஷத்துக்கு நாலு தடவையாவது அவர் கேட்பார். “பதில் வந்துச்சா வாத்தியாரே?” “வரல காக்கா. கவர்மெண்டு காரியம், மெதுவாத்தான் வரும்.” நான் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் நாளெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் வந்து காத்திருப்பார். நான் தலையை ஆட்டினால் போதும், பேசாமல் திரும்பி நடப்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. ஒற்றுப் பிழைக்கு மார்க் குறைக்கிற வாத்தியார் நான்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் அவர் தங்கச்சிமடம் போய் வருவார். சூசையின் மனைவி மரியாள் இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கே இருந்தாள். முதல் தடவை போனபோது “சூசை வீடு எது?” என்று கேட்டிருக்கிறார், வேதக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. துணிமணி, அரிசி கொண்டுபோய் வைப்பார். அவள் கஞ்சி கொடுப்பாள். குடித்துவிட்டு வருவார். “அங்க என்ன பேசுவீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒண்ணும் பேசுறதில்ல” என்றார். பதினெட்டு வருஷம் போய் வந்த இடத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்த மார்கழியை நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே பிணம் எடுக்காத கை இல்லை. அதுவரை கடலோரத்தில் கால் வைக்காத காக்கா அந்தத் தடவை போனார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனார். ஒதுங்கின ஒவ்வொரு உடலுக்கும் பக்கத்தில் நின்று, “இவரு பேரு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாவிட்டாலும் புதைக்க விடாமல் நாலு பேரைக் கூப்பிட்டுத் திரும்பவும் கேட்பாராம். தூக்கிச் செல்லும் ஆட்கள் எரிச்சலில் அவரைத் திட்டியதாகக்கூடச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது நோட்டில் முக்கால்வாசிப் பக்கம் காலியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். பிள்ளைகள் இல்லாத வகுப்பில் பாயில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

“வாத்தியாரே, சூசை விட்டுக் குடுக்கல” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மரத்த ரெண்டு பேரும் பிடிச்சா முங்குது. மூணு தடவ முங்கி எந்திரிச்சோம். அவன் கை என் கைமேல இருந்துச்சு. நான் என் கைய உருவிக்கிட்டு, அவன் விரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன். நாலு விரல எடுத்தேன். அஞ்சாவது தானா வந்துருச்சு.” தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “அவன் தடுத்திருந்தா, சண்டையில போயிட்டான்னு மனசச் சமாதானம் பண்ணிக்கிடலாம். தடுக்கல. ‘மொதலாளி’ன்னு ஒருக்காச் சொன்னான். அம்புட்டுத்தான்.”

வெளியே தூக்கிப் போட்ட பெஞ்சுகள் அப்போது என் கண்ணுக்குள் வந்து நின்றன.

“மர்ஹூம்னா செத்தவன்னு ஒங்களுக்கு அன்னைக்குச் சொன்னேன். அது மேலோட்டமான அர்த்தம். ரஹ்மத்துக் கெடச்சவன், இரக்கம் கெடச்சவன்னு அர்த்தம். அல்லா எனக்கு இரக்கம் காட்டினான். நான் அவனுக்குக் காட்டல. அந்த வார்த்தைக்குக் கீழ என் பேரு இருக்கக் கூடாது வாத்தியாரே. ஒவ்வொரு நாளும் அதுக்குக் கீழதான் குனிஞ்சு நொழையிறேன். நான் இருக்கும்போது அந்தப் பொம்பளைக்கிட்ட சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நான் போனப்பறம் நீங்க சொல்லணும். முதல்ல அவகிட்ட, அப்பறம் ஊருக்கு. மனுவுக்குப் பதில் வந்துச்சா?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் கொலைக்குச் சமமான ஒன்றை ஒப்புக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு காகிதத்தை அலமாரியில் வைத்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். “வரல காக்கா” என்றேன்.

அதன் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். அடக்கமான மறுவாரம் நான் அலமாரியைத் திறந்து மனுவை எடுத்துக்கொண்டு அதே ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா மாறியிருந்தார். புது ஆள் சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். “மனுதாரர் இருக்காருங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “செத்தவர் மனுவ எடுத்துக்க முடியாதுங்களே” என்றார். உயிரோடிருந்தவரைச் செத்தவர் என்று நடத்திய ஆபீஸ், அவர் நிஜமாகவே செத்த பிறகு வேறென்ன சொல்லும்? ஆனால் குற்றம் ஆபீசினுடையது இல்லை. அந்தக் காகிதத்தை அங்கே கொடுத்துவிட்டு வர நான் துணிந்தது அன்றைக்குத்தான்.

பிறகு தங்கச்சிமடம் போனேன். சொன்ன வாக்கில் முதல் பாதியையாவது காப்பாற்ற வேண்டும். மரியாள் வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. காக்கா இறந்த செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. “நல்ல மனுசன் சார். கோயில்ல அவருக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்துனேன்” என்றாள். உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். விரல்களைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொன்னவர் அவர்.

அவள் அழவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவுக கத்துனாகளா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. மொதலாளின்னு ஒரு தடவ சொன்னாராம்.”

“பதினெட்டு வருசம் என் கையால கஞ்சி ஊத்துனேனே சார்” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு வெறுப்பு. ஏற்றிய மெழுகுத்திரியையும் சேர்த்துத்தான் நினைத்திருப்பாள். அவளுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? ஏதாவது காட்ட வேண்டும் என்று பையிலிருந்து மனுவை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு உங்கள் வீட்டுக்காரர் பெயரை வைக்கத்தான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார், அதை அனுப்பாமல் வைத்திருந்தது நான் என்று சொல்லி, மனுவை வாசித்தேன். “தங்கச்சிமடம் சூசை” என்று வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“சூசையா? யாரு சூசை?”

மனுவில் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

“சூசை எங்க மாமனாரு சார். இந்த வீட்டுக்குச் சூசை வீடுன்னுதான் பேரு. அந்தத் தண்டல் எங்க மாமனாரோட கடலுக்குப் போனவரு. புதுசா ஏறுன மகனையும் ‘ஏலே சூசை, ஏலே சூசை’ன்னே கூப்பிட்டிருக்காரு. தோணியில அப்படித்தான், அப்பன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாக. அது எங்க வீட்டாளு பேரு இல்ல.”

பதினெட்டு வருஷம் அந்த வாசலுக்குப் போய் வந்தவருக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. மரியாளும் சொன்னதில்லை. இவருக்கோ வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லை. நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். போர்டில் இருந்ததை அர்த்தம் கேட்காமல் படித்தேன். மனுவில் இருந்ததை யார் என்று கேட்காமல் பூட்டி வைத்தேன்.

மரியாள் எழுந்து நின்றாள். “யாரு கையத் தட்டி விட்டோம்னுகூட அந்த மனுசனுக்குத் தெரியலையா சார்?” என்றாள்.

அப்போதுதான் அவள் அழுதாள். அழுது முடித்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தாள். கோயிலில் கொடுத்த கல்யாணச் சீட்டு. நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. “நான் சொல்லப்படாது. நீங்க படிச்சுக்கிருங்க” என்றாள்.

சத்தமாகப் படித்தேன். அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் கேட்டு இருபது வருஷம் இருக்கும். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். வாசலுக்கு வந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, “எழுதுங்க. அந்த மனுசன நல்லவருன்னு எழுதுறதோ கெட்டவருன்னு எழுதுறதோ ஒங்க இஷ்டம். பேர மட்டும் சரியா எழுதுங்க” என்றாள்.

நல்லவரா கெட்டவரா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. சாகிற பயத்தில் ஒரு நிமிஷம் செய்ததை இருபது வருஷம் தோளில் சுமந்தவர். நான் பயமே இல்லாமல் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பொய் சொன்னவன். நூருத்தீன் காக்கா, உங்கள் ரஹ்மத்தை உங்களுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் இறைவன் பாடு. என்னை நீங்கள் மன்னிக்க வழியில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த மனு ஒன்றுதான். நேற்று அதை விரித்து வைத்து, பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற சிவப்பு மையால் ஒரு பெயரை அடித்து, அதற்கு மேலே சரியானதை எழுதினேன். அது ஆபீசில் செல்லாது. போர்டும் மாறப்போவதில்லை. நாளைக்கும் நான் குனிந்துதான் நுழைவேன். எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையை எழுதுகிற மாதிரி இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஒரு தடவையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

பெயர்: இன்னாசி. தகப்பனார் பெயர்: சூசை. ஊர்: தங்கச்சிமடம்.